தம்பி சாப்பிடுவதே இல்லை, கேட்டால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்கிறான். இது பிடிவாதமா, நோயா?

மாடிப்படி:

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு 18 வயது. எட்டு மாதம் முன்னால் காலையில் ஓட ஆரம்பித்தான். எல்லோரும் பாராட்டினோம், ஓடுவதற்கு ஷூ வாங்கிக் கொடுத்ததே நான்தான். அப்புறம் இனிப்பை விட்டான், பொரித்ததை விட்டான், பிறகு ராத்திரிச் சாப்பாட்டையே விட்டான். ஒவ்வொன்றையும் விடும்போது ஏதோ ஒரு நியாயமான காரணம் சொன்னான், அதனால் எந்த இடத்தில் இது கை மீறிப் போனது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

இப்போது நிலைமை இதுதான். தட்டில் வைப்பதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து ஓரத்தில் வரிசையாக அடுக்குகிறான், மறுபடி நடுவில் குவிக்கிறான், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருக்கும் அவனே சமைத்தான். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று "இன்னும் கொஞ்சம் போடவா" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினான். அவன் மட்டும் உட்காரவில்லை. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவன் அறையில் போன் வெளிச்சம் தெரிகிறது, என்ன பார்க்கிறான் என்றால் சமையல் வீடியோ, ஒன்றன் பின் ஒன்றாக. சாப்பிடாதவனுக்கு எதற்கு இது?

கையைத் தொட்டால் வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கிறது. நண்பர்களோடு போவதில்லை. "இதில் எண்ணெய் எவ்வளவு ஊற்றினீர்கள்" என்று ஒரே கேள்வியை அம்மாவிடம் ஐந்து தடவை கேட்கிறான். பதில் திருப்தி இல்லையென்றால் கத்துகிறான். அவன் அப்படிக் கத்துகிற பிள்ளையே கிடையாது.

ஒரு டாக்டரிடம் காட்டினோம், வளர்கிற வயது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பா இதைத் திமிர் என்கிறார். அம்மா தன் வளர்ப்புதான் சரியில்லை என்று அழுகிறார். அவனுக்கு மனச்சோர்வோ, இல்லை ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்துகிற ஓசிடியோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்க வைக்கிற அனோரெக்சியா என்ற நோய் பற்றிக் கொஞ்சம் படித்தேன், அது பெண்பிள்ளைகளுக்கு வருவது இல்லையா? அவன் "எனக்கு ஒன்றும் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்போது அவனாகச் சம்மதிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஒற்றைப்பனை:

அவசரப்பட்டு நோய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள் என்பது என் கருத்து. அந்த வயதில் நானும் உடம்பை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்று என்னென்னவோ செய்திருக்கிறேன், ஒரு வருடத்தில் தானாகப் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் மனநோய் என்று பெயர் வைத்தால் பையனுக்கும் அந்த எண்ணம் வந்துவிடும். அவனைச் சுற்றி நின்று பார்க்காதீர்கள். நன்றாகப் பசி எடுத்தால் சாப்பிடாமல் எங்கே போவான்?


இரவுப்பணி:

நான் நர்ஸ். ஒன்பது வருடம் மனநலப் பிரிவில் வேலை, அதில் பெரும்பகுதி உணவுக் கோளாறு, அதாவது சாப்பாட்டை ஒட்டி வருகிற மனநோய், வந்தவர்களோடுதான். ஒற்றைப்பனை அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் பசி எடுத்தால் சாப்பிடுவான் என்ற கணக்கு இந்த நோயில் செல்லாது, அதை நம்பிக் காத்திருந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இவர்களுக்குப் பசி எடுக்காமல் இல்லை. பசியை அடக்குவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது, சாப்பிட்ட உடனே வருகிற பயம் பசியைவிடப் பெரிதாக இருக்கிறது.

நான் போனில் பார்த்து நோய் பெயர் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும், அதிலும் அந்தச் சமையல் வீடியோ விஷயத்தைப் படித்ததும், எனக்கு மினசோட்டா ஆய்வுதான் ஞாபகம் வந்தது. 1944 நவம்பரில் ஆன்செல் கீஸ் என்பவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு அது. போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுப்பது என்று கண்டுபிடிக்க, உடம்பும் மனதும் திடமாக இருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார்கள். அவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. ஆனாலும் என்ன ஆனது தெரியுமா? சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்த்தார்கள், சமையல் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார்கள். தட்டில் இருப்பதைக் கலந்து, பிரித்து, மணிக்கணக்காக இழுத்துச் சாப்பிட்டார்கள். எப்போதும் குளிரெடுத்தது. எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், பலருக்கு மனச்சோர்வு வந்தது. மறுபடி சாப்பாடு கொடுத்த பிறகும் எல்லாம் உடனே சரியாகவில்லை, மாதக்கணக்கில் ஆனது.

உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை சில்லென்று இருப்பது, எரிச்சல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டு அவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது, இதில் நிறைய அவன் குணம் இல்லை. பட்டினி கிடக்கிற மூளையின் வேலை. அப்பா திமிர் என்று நினைப்பதும் இதைத்தான், நீங்கள் ஓசிடி என்று சந்தேகப்படுவதும் இதைத்தான். உண்மையிலேயே கூடவே ஓசிடி, பதற்றக் கோளாறு, மனச்சோர்வு இருப்பவர்களும் உண்டு, உணவுக் கோளாறு வருவதற்கு முன்பே சின்ன வயதிலிருந்து பதற்றம் இருந்தவர்கள் நிறையப் பேர். எது பட்டினியால் வந்தது, எது முன்பே இருந்தது என்பது உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான் தெளிவாகத் தெரியும். அதனால் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பலன் தராது, எடை மிகவும் குறைந்திருக்கும்போது அந்த மருந்துகள் சரியாக வேலை செய்வதும் இல்லை. முதல் மருந்து சாப்பாடு.

பையன்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். 1689-ல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதினார், இதைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு என்று அதைத்தான் சொல்வார்கள். அதில் இரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருத்தி 18 வயதுப் பெண், இன்னொருவன் 16 வயதுப் பையன். அந்தக் காலத்திலேயே பையன் இருக்கிறான். பிறகு என்ன ஆனது என்றால், மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்பதை ஓர் அடையாளமாக வைத்துவிட்டார்கள், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலிருந்து 2013-ல்தான் அதை எடுத்தார்கள். இதெல்லாம் சேர்ந்து இது பெண்கள் நோய் என்றே பதிந்துவிட்டது. பையன்களை உடற்பயிற்சி, ஒழுக்கம், கட்டுப்பாடு என்று பாராட்டிவிடுகிறோம், தாமதமாகத்தான் கூட்டி வருகிறோம்.

அவன் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள். "எனக்கு ஒன்றும் இல்லை" என்பது பொய் இல்லை, அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது, தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருப்பதும் இந்த நோயின் பாகம். நாளைக்கே ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துப் போய் நாடித்துடிப்பு, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக வந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் கிடையாது, உடம்பு கடைசி வரை சமாளித்துக் காட்டும். மயக்கம் போட்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தண்ணீரைக்கூட ஒதுக்கினாலோ, செத்துப் போகலாம் என்கிற மாதிரி ஏதாவது பேசினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். மனநோய்களிலேயே அதிகம் உயிர் வாங்குகிற நோய்களில் அனோரெக்சியா ஒன்று, பட்டினியாலும் இதயத்தாலும் மட்டும் இல்லை, தற்கொலையாலும்.

இன்னொன்று, பயந்துபோய் ஒரே நாளில் நிறையத் திணித்துவிடாதீர்கள். ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.


நூல்கண்டு:

பாருங்கம்மா, நான் ஒரு தகப்பன். என் மகளுக்கு 15 வயதில் இது வந்தது, இப்போது 20. உங்கள் அப்பா சொன்ன அதே வார்த்தையை நானும் சொன்னவன்தான், அதனால் அவர்மேல் கோபப்படாதீர்கள், பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. முடிந்தால் இதை அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கை கொடுத்தது குடும்பத்தை வைத்துச் செய்கிற சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவானது, அதனால் மாட்ஸ்லி முறை என்றும் சொல்வார்கள். முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற முடிவைப் பெற்றோர் முழுவதுமாகக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி. உடம்பு தேறத் தேற அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பது இரண்டாம் கட்டம். கடைசியில்தான் அந்த வயதுக்குரிய மற்றப் பிரச்சினைகளைப் பேசுவது. வளர் இளம்பருவப் பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்கிறது. உங்கள் தம்பி 18, ஓரத்தில் இருக்கிறான், வீட்டோடு இருப்பதால் இது சரிவருமா இல்லை அவனோடு தனியாகப் பேசிச் செய்கிற மனநலச் சிகிச்சையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

சொல்ல எளிது. ஒரு சாயங்காலம் ஒரு டம்ளர் பாலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். பாலில் ஆடை படிந்தது, சூடுபடுத்திக் கொண்டுவந்து வைத்தேன், மறுபடி ஆடை படிந்தது. அவள் அழுதாள், என்னை வெறுப்பதாகச் சொன்னாள், கதவை உதைத்தாள். நான் "இதைக் குடிக்கும் வரை நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்" என்பதை மட்டும் அதே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தேன், உள்ளே நடுங்கிக்கொண்டுதான். கடைசி வாய் குடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து "இனிமேல் என்னைக் கேட்காதே அப்பா, நீயே கொடுத்துவிடு" என்றாள். அவளாக முடிவெடுத்தால் அது அவள் குற்றம் என்று உள்ளே ஏதோ ஒன்று திட்டுமாம், நான் கட்டாயப்படுத்தினால் அவள் தப்பித்துக்கொள்ளலாமாம். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நான் சண்டை போட வேண்டியது என் பிள்ளையோடு இல்லை என்று.

நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசினேன், அதில் எப்போதும் நோய்தான் ஜெயித்தது. கலோரிக் கணக்கை விவாதித்தேன், அதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கொஞ்சம் தேறியபோது "முகம் தெளிந்திருக்கிறதே" என்று சந்தோஷமாகச் சொன்னேன், அதை அவள் "குண்டாகிவிட்டாய்" என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மறுபடி மூடிக்கொண்டாள். உடம்பைப் பற்றி நல்லதாகக்கூடப் பேசாதீர்கள். சாப்பிடும்போது வேறு எதையாவது பேசுங்கள், விளையாட்டு, பழைய கதை, எதுவானாலும். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், பதற்றம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், வளர்ப்பால் வந்தது இல்லை. முன்பு தாயைத்தான் குற்றம் சொல்வார்கள், அது எத்தனையோ வீடுகளைக் கெடுத்தது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்திருக்கிறது. 2019-ல் வந்த பெரிய மரபணு ஆய்வு, அனோரெக்சியாவில் மனம் மட்டும் இல்லை, உடம்பு சக்தியைச் செலவழிக்கிற விதமும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று காட்டியது. மற்றவர்கள் டயட் இருந்தால் எரிச்சல் வந்து விட்டுவிடுவார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அதில் ஓர் அமைதி கிடைத்துவிடுகிறது. நீங்கள் ஷூ வாங்கிக் கொடுத்ததால் வரவில்லை, அதையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.


கூழாங்கல்:

இங்கே பேசுவது அனோரெக்சியா பற்றி என்று தெரியும், ஆனாலும் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். எனக்கு 11 வருடம் புலிமியா இருந்தது. என்னைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள், எடை எப்போதும் சராசரிதான். எல்லோர் எதிரிலும் ஒழுங்காகச் சாப்பிடுவேன், தனியாக இருக்கும்போது நிறுத்த முடியாமல் சாப்பிடுவேன், அப்புறம் வாந்தி. அதன் பிறகு வருகிற வெட்கத்தை வார்த்தையில் எழுத முடியவில்லை. நாளையிலிருந்து சரியாக இருப்பேன் என்று ஒவ்வொரு ராத்திரியும் சத்தியம் செய்வேன், அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றக் காலையில் பட்டினி கிடப்பேன், அந்தப் பட்டினியே சாயங்காலம் மறுபடி இழுத்துப் போகும். இது ஒரு சுற்று என்பதும், பட்டினியை நிறுத்தித்தான் அதை அறுக்க வேண்டும் என்பதும் சிகிச்சைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடு என்பதுதான் எனக்கு அவர்கள் சொன்ன முதல் பாடம், அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். முன்பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, மெதுவாக "அடிக்கடி வாந்தி வருகிறதா" என்று கேட்டார். அவ்வளவுதான். 11 வருடத்தில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை.

இந்த நோய்க்குப் பெயர் வைத்ததே 1979-ல்தான், ஜெரால்டு ரஸ்ஸல் என்ற லண்டன் மனநல மருத்துவர். வாந்தி எடுக்காமல் அளவில்லாமல் சாப்பிடுகிற பிஞ்ச் ஈட்டிங் கோளாறுக்கு அந்த அமெரிக்கக் கையேட்டில் தனி இடம் கிடைத்தது 2013-ல். அதற்கு முன்னால் அவர்களை எல்லாம் நாக்கை அடக்கத் தெரியாதவர்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்? புலிமியாவுக்கு நடத்தை சார்ந்த பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது, சிலருக்கு ஃப்ளூவாக்சிடின் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள், எனக்குக் கொடுத்தார்கள். வாந்தி எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகும், எடை சரியாக இருந்தாலும் ஆகும். அதனால் "ஒல்லியாக இல்லையே, எனக்கு எதற்கு டாக்டர்" என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து போங்கள். நான் அப்படி நினைத்தே 11 வருடம் போனது.

மாடிப்படி அக்கா, தம்பியிடம் பேசும்போது "ஏன் சாப்பிடவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு எங்களிடம் நூறு பதில் தயாராக இருக்கும். "நீ பயந்திருக்கிற மாதிரி தெரிகிறது" என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் நான் முன்பே பேசியிருப்பேன்.


ஒற்றைப்பனை:

படித்தேன். பசி எடுத்தால் சாப்பிடுவான் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் உறவில் ஒரு பெண் விசேஷ வீடுகளில் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகக் காணாமல் போய்விடுவாள், நாங்கள் எல்லோரும் அதை வைத்துக் கேலி செய்திருக்கிறோம். இப்போது அதை நினைத்தால் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. அவள் அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. இதை எழுதி மூன்று நாள் ஆகிறது. நூல்கண்டு ஐயா எழுதியதை அப்பாவுக்குக் காட்டினேன், போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். மறுநாள் வேலைக்கு விடுப்புப் போட்டு அவரே தம்பியைக் கூட்டிப் போனார். நாடித்துடிப்பு மிகவும் குறைவாக இருந்தது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வந்தது, இரவுப்பணி எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் அதைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பியிருப்போம். இப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். என்மேல் கோபமாக இருக்கிறான், நேற்று முழுக்கப் பேசவில்லை. ராத்திரி நான் "நீ பயந்திருக்கிறாய் என்று தெரியும்டா" என்று மட்டும் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான், கொஞ்ச நேரம் கழித்து "தினமும் காலையில் எழுந்ததும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறேன் அக்கா, நிறுத்தத் தெரியவில்லை" என்றான்.

மனநல மருத்துவர் நாளை வருகிறார். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?


இரவுப்பணி:

அவன் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே அவன் அனுமதியோடு மருத்துவரிடம் சொல்லுங்கள், அது முக்கியம். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் பாதி மறந்துவிடும். எப்போது ஓட ஆரம்பித்தான், எந்த மாதம் எதை விட்டான், தூக்கம் எப்படி, சின்ன வயதில் பயந்த சுபாவமா, எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று தவிக்கிற பிள்ளையா, குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வோ இதே மாதிரியோ இருந்ததா, யாரும் இல்லாதபோது உடற்பயிற்சி செய்கிறானா. பிறகு அவரிடம் கேட்க வேண்டியது: இவருக்கு உணவுக் கோளாறு பார்த்த அனுபவம் இருக்கிறதா, டயட்டீஷியனும் சேர்ந்து பார்ப்பார்களா, வீட்டுக்கு அனுப்பிய பிறகு எடையும் நாடியும் யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பார்கள், ஓட்டத்தை எப்போது வரை நிறுத்தி வைக்க வேண்டும். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று அவனிடம் நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பாதிதான் தேறியிருப்பான், மீதி வீட்டில்தான், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சறுக்கவும் செய்யும். முதல் வாரம் ஆறு வேளைச் சாப்பாட்டுக்கும் யார் பக்கத்தில் உட்காருவது என்று நீங்கள் மூன்று பேரும் இன்றைக்கே முறை போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்குக் காலை வேளையைக் கொடுங்கள்.